முன்வாசல்

அக்டோபர் 14

இதை யாராவது படித்தால் நான் தொலைந்தேன். அதனால் இந்த நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டு, 'இயற்பியல், ச. உலகம்மாள், பன்னிரண்டாம் வகுப்பு' என்று லேபிள் ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இயற்பியலை யாரும் திறக்க மாட்டார்கள்.

இன்று சொர்ணம் அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு அக்கா. அண்ணன் படிக்கும் இன்ஜினியரிங் காலேஜுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அம்மா காபியைக் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னாள்.

"மதினி, நம்ம ராசா அஞ்சு அரியர் வாங்கியிருக்கான். அவன் கிளாஸ்ல வேற யாருக்கும் அஞ்சு கிடைக்கலியாம்."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "பேச்சி, அரியர்னா என்னன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவந்தான் சொன்னான். அரியவர்னு அர்த்தமாம். இங்கிலீஷ் காலேஜா இருந்தாலும் தமிழ்ல பேரு வச்சிருக்காங்களேன்னு எனக்கு ஒரே சந்தோசம்."

அத்தை சிரித்த சிரிப்பில் காபி மூக்கு வழியாக வந்தது. "அஞ்சு பேப்பர்ல பெயிலு பேச்சி. அதுக்குப் பேருதான் அரியர்."

அம்மா அதற்குள் மாவு மில்லில் சொல்லியிருந்தாள். எதிர்வீட்டில் சொல்லியிருந்தாள். உலகம்மன் கோயிலில் ஐந்து அரியருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்திருந்தாள். குருக்கள் ஒன்றும் சொல்லவில்லையா என்று அத்தை கேட்டாள். "இன்னும் நெறைய வாங்கட்டும்னு வாழ்த்தினாரே" என்றாள் அம்மா.

சாயங்காலம் அப்பா வந்தார். அப்பா டவுன் பஸ் டிரைவர். அவருடைய பஸ் காலேஜ் வாசல் வழியாகத்தான் போகும். அண்ணன் இசக்கிராஜா தினமும் அதில்தான் போகிறான். அடுத்த நிறுத்தத்தில் என் பள்ளிக்கூடம்.

"தெனமும் நானே கொண்டு போயி எறக்கிவிடுதேன். அவன் கேட்டுக்குள்ள போறத என் கண்ணால பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கேன். பாசஞ்சர் பூரா ஏசுதான். பொறவு எப்படில பெயிலாவ?"

"அந்தக் கணக்கு சாருக்கு என்னைக் கண்டாலே ஆவாதுப்பா" என்றான் அண்ணன்.

"அஞ்சு சாருக்குமா?"

அப்பா தீர்ப்பு சொன்னார். இந்த செமஸ்டரில் பழையது, புதியது எல்லாவற்றையும் அண்ணன் முடித்துவிட வேண்டும். ஒன்று நின்றாலும் காலேஜ் நின்றுவிடும். "உலகுக்கும் கிடையாது. ஒரு புள்ளைய அனுப்பிப் பட்டது போதும். அக்கா, பிளஸ் டூ முடிஞ்சதும் இவளை உன் கடையில உக்கார வச்சுக்கோ."

"நாளைக்கேன்னாலும் அனுப்பு" என்றாள் அத்தை.

நான் வேளாண்மைக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் பெயிலானால் நான் ஏன் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். வாய் திறந்ததும் பயத்தில், "அப்பா, தோசைக்குச் சட்னி வைக்கட்டுமா" என்று வந்துவிட்டது.

அக்டோபர் 17

அண்ணன் சாப்பாட்டு டப்பாவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினான். "ஓடிப் போயி குடுத்துட்டு வா" என்றார் அப்பா. ஓடினேன்.

அண்ணன் முன்வாசலில் நுழைந்தான். சிமெண்டுப் பாதையில் நிமிர்ந்து நடந்தான். நூலகத்தைத் தாண்டினான். அவன் வகுப்பு இருக்கும் கட்டடத்தைத் தாண்டினான். இடது பக்கமும் திரும்பவில்லை, வலது பக்கமும் திரும்பவில்லை. நேராகப் பின்வாசல் வழியாக வெளியே போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் கேட்காமலேயே டீ வந்தது.

காலேஜ் என்பது அவனுக்கு டீக்கடைக்குப் போகும் குறுக்கு வழி.

டப்பாவை நீட்டியதும் திடுக்கிட்டான். பிறகு எழுந்து, என்னை ஓரமாகக் கூட்டிப் போனான்.

"அப்பாட்ட சொல்லப் போறியா? சொல்லு. சொன்னா என் காலேஜ் போவும். என் காலேஜ் போனா உன் காலேஜும் போவும். நல்லா யோசிச்சுச் சொல்லு."

நான் யோசித்தபடியே பஸ்ஸுக்குத் திரும்பினேன். "உள்ள போயிட்டானா?" என்று அப்பா கேட்டார். "போயிட்டான்ப்பா" என்றேன். பொய் இல்லை. உள்ளே போனான்தான்.

அக்டோபர் 22

அண்ணனைப் படிக்க வைக்க ஒரே வழி கால அட்டவணை. நான்கு நாட்களாகத் தயார் செய்து இன்று முடித்தேன். கணக்குக்குச் சிவப்பு, எலக்ட்ரானிக்ஸுக்குப் பச்சை, சாப்பாட்டுக்கு மஞ்சள். ஓரத்தில் வேப்பிலை வரைந்தேன்.

அண்ணன் வெகுநேரம் பார்த்தான். "மஞ்சள் நல்லாருக்கு" என்றான்.

எப்போதிருந்து ஆரம்பிக்கிறாய் என்று கேட்டேன். இன்று புதன்கிழமையாம். நடுவாரத்தில் ஆரம்பித்தால் விளங்காதாம். திங்கள்கிழமையிலிருந்து.

இன்று எங்களுக்கு ஃபிசிக்ஸ் டெஸ்ட் இருந்தது. கேள்விகள் சரியில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். நோட்டை மூடினேன். லேபிளைப் பார்த்துவிட்டு, "பிள்ளை எழுதிக்கிட்டிருக்கா, டிவி சத்தத்தைக் குறைங்க" என்று சொல்லிப் பால் கொண்டுவந்து வைத்தாள். மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் பால் ஆறிவிட்டது.

அக்டோபர் 27

திங்கள்கிழமை. அமாவாசைக்குப் பிறகு ஆரம்பிக்கிறானாம். அமாவாசை போன வாரமே முடிந்துவிட்டது என்றேன். அப்படியானால் அடுத்த அமாவாசையாம்.

நவம்பர் 2

வீட்டில் குரூப் ஸ்டடி. அண்ணனோடு படிக்கும் பெலிக்ஸும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். அம்மா உளுந்த வடை சுட்டாள். நான் கதவுக்குப் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாம் கேட்டது.

"மக்கா, மொத யூனிட் போன தடவை வந்துட்டு. இனி வராது" என்றான் பெலிக்ஸ்.

அதைப் புத்தகத்தில் அடித்தார்கள்.

"ரெண்டாவது யூனிட் சாருக்கே தெரியாது. எப்படிக் கேப்பாரு?"

அதையும் அடித்தார்கள்.

"மூணாவது பூரா படமா இருக்கு."

"நாலாவது?"

"அதுக்கு மூணாவது தெரியணும்ல."

ஐந்தாவது யூனிட்டைக் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருமனதாக முடிவானது. புத்தகத்தில் முன்னுரை மட்டும் மிஞ்சியது. அதைப் பெலிக்ஸ் சத்தமாக வாசித்தான். பாதியிலேயே இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

வடை மட்டும் எல்லா யூனிட்டும் முடிந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு அண்ணனிடம் கேட்டேன். "புரியலன்னா வகுப்புல கையத் தூக்கிக் கேக்க வேண்டியதுதானே அண்ணே?"

"மொத பெஞ்சுல உக்காந்து டவுட்டு கேட்டா பயலுவ மானத்த வாங்கிருவானுவ."

"பெயிலானா வாங்க மாட்டாங்களா?"

"பெயிலானா கூட நிப்பானுவ."



நவம்பர் 8

சனிக்கிழமை. பழகிக்கொள்ளட்டும் என்று அப்பா என்னை அத்தை கடைக்கு அனுப்பிவிட்டார். என் எதிர்காலத்தை நேரில் பார்த்தேன். அது சூடாக இருக்கிறது, மையின் நாற்றம் அடிக்கிறது, நடுவில் தாள் சிக்கிக்கொள்கிறது.

பரீட்சை நெருங்குவதால் ஒரே கூட்டம். ஒரே பெண்ணின் நோட்டை ஒரு வகுப்பே ஜெராக்ஸ் எடுக்கிறது. வரும்போது எல்லோருடைய முகமும் பேயறைந்தது போல் இருக்கிறது. கட்டைக் கையில் வாங்கியதும் முகம் தெளிந்துவிடுகிறது. படித்து முடித்த ஆள் போலச் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

"இவங்க எல்லாரும் இதைப் படிப்பாங்களா அத்தை?"

"படிச்சா அடுத்த வருசம் எவன் வருவான்? போற போக்குல கண்ணு வச்சிராத" என்றாள் அத்தை.

நானும் என் வகுப்பு செபாஸ்டினாளின் ஃபிசிக்ஸ் நோட்டை வாங்கி, எல்லாப் பாடத்தையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

நவம்பர் 19

தவறு என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாளை அண்ணனுக்கு முதல் பரீட்சை, கணக்கு. பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். அத்தை சாப்பிடப் போயிருந்தாள். அண்ணனும் பெலிக்ஸும் வந்தார்கள். கையில் பெலிக்ஸ் எழுதிய தாள்கள், பத்துப் பக்கம். "ஏட்டி, இதைச் சுருக்கிக் குடு. தீப்பெட்டிக்குள்ள அடங்கணும்" என்றான் அண்ணன். பிட்டு என்று அவன் சொல்லவில்லை. குறிப்பு என்றான்.

அவன் பிடிபட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். காலேஜை விட்டே அனுப்பிவிடுவார்கள். வேளாண்மைக் கல்லூரி கண்ணை விட்டு மறைந்தது. அந்த நேரத்தில் கை தவறிவிட்டது. சுருக்குகிற பட்டனுக்குப் பக்கத்திலேயே பெரிதாக்குகிற பட்டன் இருக்கிறது. பெரிய தாள் தட்டும் எப்படியோ திறந்திருந்தது. பத்துப் பக்கமும் செய்தித்தாள் அளவுக்கு வந்தன. நான் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, பழைய காலண்டருக்குள் வைத்துக் கொடுத்தேன். "இவ்வளவு நீளமா இருக்கே" என்றான் பெலிக்ஸ். "வெளிய தெரியாம இருக்கத்தான் காலண்டர்" என்றேன். நான்தான் சொன்னேனா என்று இப்போது எனக்கே நம்ப முடியவில்லை.

வீட்டில் வந்து பிரித்தான். ஒவ்வொரு எழுத்தும் சுண்டுவிரல் அளவு.

"உலகு" என்று ஒரு சத்தம். நான் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தேன்.

அத்தை கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள், கடை பூட்டு. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். பிறகு தாள்களைக் கூடத்தில் விரித்துப் பார்த்தான். பத்தும் பரவியதும் நடக்க இடமில்லை. அம்மா வந்து, "என்னல இது, கோலப் போட்டியா?" என்றாள். இவ்வளவு பெரிய எழுத்தைப் படிக்காமல் இருக்கவும் முடியாது போல. முதலில் திட்டிக்கொண்டே படித்தான். பிறகு திட்டாமல் படித்தான். பிறகு தவழ்ந்து தவழ்ந்து ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போனான்.

ஒருமுறை தலையைத் தூக்கி, "ஏட்டி, இது புரியுது" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

நவம்பர் 23

கணக்குப் பரீட்சையை எழுதிவிட்டான். அடுத்த பரீட்சைக்கு என்னை நம்பாமல், நேராக அத்தையிடமே தாளைக் கொடுத்திருக்கிறான். மிஷினில் சுருக்குகிற பட்டன் அழுந்தவில்லையாம். பசை ஒட்டியிருந்ததாம்.

அது எப்படி ஒட்டியது என்று எனக்குத் தெரியாது. சார்ட் ஒட்டுவதற்காக என் பையில் பசை டப்பா இருந்தது உண்மைதான். அது எல்லாப் பிள்ளைகளின் பையிலும் இருக்கும்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மெக்கானிக்கு பரீட்சை முடிஞ்சுதான் வருவானாம்" என்று அண்ணனிடம் சொன்னாள். "பெருசாத்தான் வரும் மருமவனே. எத்தன வேணும்?"

டிசம்பர் 6

எங்கள் வீட்டில் சுவரே தெரியவில்லை. கூடத்தில் எலக்ட்ரானிக்ஸ். அடுப்படியில் வேதியியல். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். குளியலறைக் கதவில் ஏதோ ஒரு மின்சுற்று. அண்ணன் குளிக்கப் போனால் வெளியே வர நேரமாகிறது. அப்பா கதவைத் தட்டினால், "ஒரே ஒரு லூப்புதான் பாக்கி" என்கிறான்.

நேற்று அவன் தானாகவே கணக்கு சார் வீட்டுக்குப் போய், இன்னும் பாக்கியிருக்கும் பழைய கணக்குப் பேப்பரில் ஒரு சந்தேகம் கேட்டான். திரும்பி வந்து, "அந்த ஆளுக்கு என் பேரே தெரியலட்டி" என்றான். "ஒண்ணரை வருசமா என்னைக் கண்டா ஆவாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவரு என்னைக் கண்டதே இல்ல."

டிசம்பர் 19

அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. இன்று ஃபிசிக்ஸ். கூடுதல் தாள் வாங்கினேன். கையெழுத்து நன்றாக வந்தது.

அண்ணனுடைய ரிசல்ட்டை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. அவன் கையில்தான் என் காலேஜ் இருக்கிறது.

ஜனவரி 6

எழுபதுக்குப் பதினொன்று.

ஜனவரி 7

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

பேப்பரில் கையெழுத்து வாங்க வேண்டும். அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அப்பாவிடம் நீட்டினாள். அப்பா கண்ணாடியை மாட்டி, தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"திருத்துன டீச்சருக்குத்தான் கோளாறு" என்றார். "தெனமும் இந்தப் பிள்ள ஃபிசிக்ஸ் நோட்டு முன்னால குனிஞ்ச தலை நிமிராம உக்காந்து எழுதுதா. நானே என் கண்ணால பாக்கேன். நாளைக்கு வண்டிய விட்டுட்டு ஸ்கூலுக்கு வாரேன். யாரு அந்த டீச்சர்?"

டீச்சர் என் நோட்டைக் கொண்டுவரச் சொன்னால் என்ன செய்வது? அழுகை வந்துவிட்டது. அப்போது அண்ணன் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னல சிரிப்பு?"

"ஸ்கூலுக்குப் போகாதீங்கப்பா. டீச்சர் சரியாத்தான் திருத்தியிருக்காங்க. இவ முன்வாசல்ல எறங்கியிருக்கா, அவ்ளோதான்."

"என்ன வாசல்?"

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவன் சொல்லிவிட்டான்.

"என்னையும் தெனமும் உங்க கண்ணாலதானப்பா பாத்தீங்க. கேட்டுக்குள்ள போனேன். அப்படியே பின்வாசல் வழியா வெளிய போயி டீக்கடையில உக்காந்துட்டேன். ஒண்ணரை வருசம். உள்ள போறது வேற, உள்ள இருக்கறது வேற. இவளும் நோட்டு முன்னால உக்காந்துதான் இருந்தா."

அம்மா டிவியை அணைத்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையில் வைத்து, திரும்ப எடுத்து மாட்டினார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அண்ணன் என்னிடம், "இனி ரெண்டு பேருக்கும் ஜெராக்ஸ் கடைதான். நான் தாள் எடுத்துக் குடுக்கேன், நீ பட்டன அமுக்கு. பட்டன் விசயத்துல நீ கெட்டிக்காரி" என்றான்.

அவனுக்கு எப்போது தெரிந்தது?

ஜனவரி 8

காலையில் பஸ் காலேஜ் வாசலில் நின்றது. அண்ணன் இறங்கினான், உள்ளே போனான். அப்பா வண்டியை எடுக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு அவரும் இறங்கினார். "டிரைவரே, எங்க போறீரு?" என்று பின்னால் சத்தம் போட்டார்கள். பயந்துபோய் நானும் பின்னால் ஓடினேன்.

அப்பா முன்வாசலில் நுழைந்தார். நூலகத்தைத் தாண்டினார். பின்வாசல் வழியாக வெளியே போய் டீக்கடை முன்னால் நின்றார். பெஞ்சு காலியாக இருந்தது.

"இசக்கிராஜான்னு ஒரு பய இங்க வருவானா?"

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். "நீங்க ராசாவோட அப்பாவா? நானே யாருகிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன். பய பரீட்சைக்கு முன்னாடி வந்ததுதான், பொறவு ஆளையே காணும். உடம்புக்கு ஏதும் முடியலியா அண்ணாச்சி?"

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கான்" என்றார். பிறகு ஒரு டீ வாங்கி, நிதானமாகக் குடித்தார். பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் அண்ணனின் வகுப்பு ஜன்னல் ஓரமாக நின்று, எக்கிப் பார்த்தார். நானும் எக்கினேன். முதல் பெஞ்சு இல்லை. இரண்டாவது பெஞ்சில் இருந்தான். பக்கத்தில் பெலிக்ஸ் கன்னத்தில் கை வைத்து, பிடித்துக்கொண்டு வந்த ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸில் எல்லோரும் ஏசினார்கள். அப்பா எதற்கும் கோபப்படவில்லை.

ஜனவரி 24

ரிசல்ட். அண்ணன் எல்லாவற்றிலும் பாஸ். ஒரு பேப்பரில் மட்டும் பாஸ் மார்க்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அது எங்கள் குளியலறைக் கதவில் இருந்த பாடம்.

"அப்ப இனி ஒரு அரியர் கூடக் கிடையாதா?" என்று அம்மா கேட்டாள். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டார். சொன்ன வாக்குப்படி என் காலேஜுக்கு இனி தடையில்லை என்றார். நான் குதிக்கப் போனேன்.

"தடை நான் இல்ல. பதினொண்ணு" என்றார்.

அண்ணன் கிழியாமல் இருக்கும்படி சுவரிலிருந்து தன் தாள்களை உரித்தான். பிறகு ஒரு காலண்டர் சுருளைப் பிரித்தான். நான் நவம்பரில் ஜெராக்ஸ் எடுத்து, மனசு லேசாகி, அப்படியே மூட்டையாகக் கட்டிவைத்த செபாஸ்டினாளின் நோட்டு. எல்லாம் செய்தித்தாள் அளவில்.

"அத்தை கை தவறிட்டாளாம்" என்றான்.

பிப்ரவரி 2

சுவர் எங்கும் ஃபிசிக்ஸ். இப்போதெல்லாம் நான் மேஜையில் உட்கார்ந்தால் அப்பா தூரத்திலிருந்து பார்ப்பதில்லை. பக்கத்தில் வந்து, "உள்ள போயிட்டியா?" என்று கேட்கிறார். போகாவிட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பொய் சொன்னால் எந்தப் பாடம் என்று கேட்கிறார். அதனால் நாளையிலிருந்து இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 3

நாளையிலிருந்து.

பிப்ரவரி 4

இன்று புதன்கிழமை. நடுவாரத்தில் ஆரம்பித்தால்

பிப்ரவரி 5

கூலூம் விதி: இரண்டு புள்ளி மின்துகள்களுக்கு இடையே உள்ள விசை, அவற்றின் மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், அவற்றுக்கு இடையே உள்ள தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் இருக்கும். தொலைவு இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஏன் பாதியாகக் குறையவில்லை என்று நாளை டீச்சரிடம் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும்.

அம்மா எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.